மைக்கில் வாசித்த பக்கம்

மேல்கணக்கு லயம், வட்டகொடை
25.05.2025

என் பேத்தி நிலக்ஷிக்கு அப்பாயி எழுதுவது.

முதலில் நல்ல சேதி எல்லாம் சொல்லிவிடுகிறேன். உன் தம்பி திலக்ஷன் இந்தத் தவணையும் வகுப்பில் முதலாம் பிள்ளை. கணக்கில் தொண்ணூற்றெட்டு. மீதி இரண்டு எங்கே போனது என்று கேட்டேன், சிரிக்கிறான். கொழும்பில் உன் சித்தப்பா மகன் சுதாகரனுக்குத் துணிக்கடையில் வேலை உயர்ந்திருக்கிறது, கழுத்தில் பேர் எழுதிய அட்டை மாட்டிக்கொண்டு மற்றவர்களை வேலை வாங்குகிறானாம். லிந்துலை அத்தை மகள் பிரவீணா பேச்சுப் போட்டியில் வலயத்துக்கே முதலாவது, நுவரெலியாவில் மேடையேறி வாங்கிய கப் அவள் இடுப்புக்கு மேலே வருகிறது. கடைசியாக நீ. நம் மேல்கணக்கு லயத்திலிருந்து கெம்பஸ் படிப்புக்குப் போன முதல் பிள்ளை. இதை ஒரு நாளாவது யாரிடமாவது சொல்லாமல் நான் சோறு தின்றதில்லை.

அப்படிப்பட்ட பிள்ளை போன் அடித்தால் எடுப்பதில்லை. உன் அம்மா கிருஷாந்திக்கு மட்டும் 'சாப்பிட்டேன்' என்று ஒரு சொல் வருகிறதாம். அக்காவுக்குப் பேச வராது, எழுதினால் வாசிப்பாள் என்று திலக்ஷன்தான் சொன்னான். அதனால் பேனாவைப் பிடித்திருக்கிறேன்.

திருவிழா அன்றைக்கு நடந்ததைப் பற்றி எழுத வேண்டாம் என்றுதான் உட்கார்ந்தேன். அதை எழுதாமல் பேனா நகர மாட்டேன் என்கிறது. கோயில் கமிட்டித் தலைவர் செல்லசாமி வீடு தேடி வந்து, கெம்பஸ் போகிற பிள்ளைக்கு அம்மன் சன்னிதியில் பொன்னாடை போர்த்துகிறோம், பிள்ளை மைக்கில் நாலு வார்த்தை பேசட்டும் என்றார். நீ முடியாது என்று சொல்லிவிட்டு உள்காம்பராவில் போய் உட்கார்ந்துகொண்டாய். தலைவர் முகம் சுருங்கிப்போனது. எனக்கு மானம் போன மாதிரி ஆகிவிட்டது. பேசாவிட்டால் என்ன, என் பேத்தி எழுதுவாளே என்று சொல்லிவிட்டேன்.

நீ பீலித் தண்ணீரில் குளிக்கப் போன நேரம் உன் தலையணைக்கடியில் இருந்த கொப்பியை எடுத்தேன். புரட்டினால் ஒரு பக்கத்தில் மேலேயே அப்பாயி என்று இருக்கிறது. 'அப்பாயியின் விரலில் இன்னும் தேயிலைக் கொழுந்து வாசம் போகவில்லை. இந்த வீட்டில் முதலில் எழும்புவதும் கடைசியில் படுப்பதும் அப்பாயிதான்.' அவ்வளவுதான் வாசித்தேன். கண்ணில் தண்ணீர் முட்டி, அதற்குமேல் எழுத்துத் தெரியவில்லை. ஆரம்பமே இப்படியென்றால் மீதி எப்படி இருக்கும் என்று அந்தத் தாளைக் கிழித்து, மைக் பிடிக்கிற லோஜனிடம் கொடுத்தேன். வேறு எந்த அப்பாயி கொடுக்காமல் இருப்பாள், நீயே சொல்லு.

அவன் ஒரு தாளைப் பிடித்தால் அடிவரைக்கும் போய்த்தான் நிற்பான். அன்னதானத்துக்கு அரிசி கொடுத்தவர்கள் பேரை வாசிக்கிற அதே இழுவையில் எல்லாவற்றையும் வாசித்தான். ஆட்கள் முன்னால் உன்னைக் கூப்பிட்டு நிறுத்தும்போது தோல் எரிகிறது என்று நீ எழுதியதை வாசித்தான். கடைசி வரியையும் வாசித்தான். 'அப்பாயி ஒரு நாளாவது இல்லாமல் இருந்தால் இந்த வீட்டில் எனக்கு மூச்சு வரும்.' நாலு பக்கமும் ஸ்பீக்கர் குழாய் கட்டியிருந்தார்கள். நான் புதுச்சேலையோடு முன்வரிசையில் உட்கார்ந்திருந்தேன்.

மறுநாள் முதல் பஸ்ஸில் நீ போய்விட்டாய். கெம்பஸ் தொடங்க நாள் இருந்தும், சிநேகிதி வீடு என்று போய்விட்டாய்.

கோபம் என்றால் திட்டி எழுது. என் பேருக்குப் போட்டால் தோட்டத்து ஆபீஸில் நாலு கை மாறித்தான் வரும். ஸ்டேஷன் பக்கம் மஃறூப் நானா கடை விலாசத்துக்குப் போடு. அவர் பிரிக்காமல் தருவார்.

அப்பாயி நாகலெட்சுமி


மட்டக்களப்பு
08.06.2025

அன்புள்ள அப்பாயிக்கு,

போனை எடுக்காதது கோபத்தில் இல்லை. உங்கள் குரல் கேட்டால் எனக்கு ஒரு சொல்லும் வராது. வராவிட்டால் நீங்கள் 'ஏன் பேச மாட்டேங்குற' என்பீர்கள், அதற்கும் பதில் வராது. எழுத்தில்தான் நான் ஓரளவுக்காவது ஆள்.

அந்த வரியை நான்தான் எழுதினேன். இல்லை என்று சொல்ல முடியாது, தோட்டமே கேட்டது. ஆனால் அது உண்மை இல்லை அப்பாயி. சும்மா எழுதியது. அன்று நீங்கள் வீட்டுக்கு வந்து சேலைகூட மாற்றாமல் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டீர்கள் என்று திலக்ஷன் சொன்னான்.

கொப்பியில் ஏன் அப்படியெல்லாம் எழுதுகிறாய் என்று நீங்கள் கேட்கவில்லை. கேட்க நினைத்திருப்பீர்கள். எனக்குச் சின்னச் சத்தமும் பெரிதாகக் கேட்கும். யாராவது முகத்தைக் கொஞ்சம் சுளித்தால் அது என்னால்தானோ என்று அன்று முழுக்க மனதில் ஓடும். பிரவீணா மாதிரி வாய்விட்டுக் கொட்ட எனக்குத் தெரியாது. நிறைந்த கூடையோடு எவ்வளவு நேரம் மலையில் நிற்பீர்கள்? எங்கேயாவது இறக்கத்தானே வேண்டும். எனக்குக் கொப்பி அப்படித்தான். இறக்கிவிட்டால் மறுநாள் காலையில் உங்களோடு சிரித்துப் பேச முடியும். ஆனால் அது யாரும் தராசில் போட்டுப் பார்க்கிற கொழுந்து இல்லை.

இப்போது எழுத முடியவில்லை. இங்கே வந்து புதுக் கொப்பி ஒன்று வாங்கினேன். ஒரு வரி எழுதியதும் அது லோஜன் அண்ணனின் குரலில் கேட்கிறது, அதே இழுவையோடு. மூடிவிடுகிறேன். அறையில் நாங்கள் நான்கு பேர். மற்ற மூவரும் நல்ல பிள்ளைகள்தான், ஆனால் எப்போதும் பேச்சு, பாட்டு, போன். முன்பென்றால் எழுதிச் சமாளித்திருப்பேன். இப்போது எல்லாம் உள்ளேயே நிற்கிறது. சில நாள் விரிவுரைக்குப் போகவில்லை. தலையிடி என்று சொல்லிக் கட்டிலில் கிடக்கிறேன்.

படிப்பை விட்டுவிட்டு வந்துவிடலாமா என்று இருக்கிறது. வந்தால் எங்கே வருவது என்றும் இருக்கிறது. அங்கே எல்லாருக்கும் என் உள்பக்கம்வரைக்கும் தெரியும்.

இதை அம்மாவிடம் சொல்லாதீர்கள். ஒருவரிடமும் வேண்டாம்.

நிலக்ஷி


மேல்கணக்கு லயம், வட்டகொடை
22.06.2025

நிலக்ஷி தங்கத்துக்கு,

உன் கடிதத்தை மஃறூப் நானா கொடுத்தவுடன் வீடுவரைக்கும் பொறுக்க முடியாமல் கடை வாங்குப் பலகையிலேயே உட்கார்ந்து வாசித்தேன். நான் எழுத்துக் கூட்டி வாசிக்கிறவள், உதடு அசையும். அவர் ஒரு பிளேன்டீயை வைத்துவிட்டு அந்தப் பக்கம் திரும்பி அரிசி நிறுக்கப் போய்விட்டார். நல்ல மனுசன்.

படிப்பை விடுகிற பேச்சு பேசாதே. என் வாயால், என் கையால் வந்த வினை. அதனால் நானே சரிப்பண்ணுவது என்று இறங்கிவிட்டேன்.

நேரே லோஜன் வீட்டுக்குப் போய்த் தாளைக் கேட்டேன். 'எனக்கு என்ன பாட்டி தெரியும், நீங்க குடுத்தீங்க, நான் படிச்சேன்' என்கிறான். அதுவும் சரிதான். தாளை வாங்கி அவன் வீட்டு அடுப்பிலேயே போட்டேன். அப்புறம்தான் சொல்கிறான், இளந்தாரிப் பயல்கள் அன்றைக்கே அதை போனில் படம் பிடித்துவிட்டார்களாம். விடுவேனா? லயத்தில் ஒவ்வொரு வீட்டுக் காம்பராவாக ஏறி இறங்கினேன். பயல்களை எழுப்பி, என் கண் முன்னால் அழி என்று நின்றேன். மூக்கன் பேரன் அழித்துவிட்டேன் என்று பொய் சொன்னான். அவன் அம்மாவைக் கூப்பிட்டுக் காட்டச் சொன்னேன்.

அழகம்மா வாய் உனக்குத் தெரியும். பீலியில் எல்லாரும் நிற்கும்போது, 'என்னக்கா, நீங்க இன்னும் இருக்கீங்களா?' என்றாள். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். குடத்தைப் பாதியில் எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

ஒன்று மட்டும் சொல்லிவிடுகிறேன், மனதில் வைத்துக்கொண்டிருக்க முடியவில்லை. கூப்பிட்டு நிறுத்தினேன் என்று எழுதியிருந்தாய். ஆமாம், நிறுத்தினேன். நான் அஞ்சாம் வகுப்போடு கொழுந்துக்குப் போனவள். காலையில் பெரட்டில் பேர் கூப்பிடுவார்களே, வேலைக்கு ஆள் வந்திருக்கா என்று பார்க்க, அதைத் தவிர என் பேரை யாரும் எதற்கும் கூப்பிட்டதில்லை. உன்னை நிறுத்தினால் உனக்குச் சந்தோஷமாக இருக்கும் என்று நினைத்தேன். இல்லை, அதுவும் சரியில்லை. எனக்குச் சந்தோஷமாக இருந்தது.

சரி, அதை விடு. செல்லசாமியிடம் பேசி ஏற்பாடு பண்ணிவிட்டேன். வருகிற ஆடி முதல் வெள்ளிக்கிழமை பூஜையில் லோஜன் மைக்கில் உன்னிடம் மன்னிப்புக் கேட்பான். அவனுக்குப் பிறகு நானும் கேட்பேன். எங்கே போன மானமோ அங்கேதானே அதை வாங்க வேண்டும். கேட்ட காதெல்லாம் இதையும் கேட்கட்டும்.

அப்பாயி


மட்டக்களப்பு
03.07.2025

அப்பாயிக்கு,

தயவுசெய்து ஒன்றும் செய்ய வேண்டாம்.

நீங்கள் ஏறி இறங்கிய வீடுகளில் பாதிப் பேர் அன்று திருவிழாவுக்கே வரவில்லை. என்ன தாள், என்ன எழுதியிருந்தது என்று அவர்களுக்கும் இப்போது தெரியும். மூக்கன் தாத்தாவின் பேரன் எனக்கே செய்தி போட்டிருக்கிறான், 'அக்கா அழிச்சிட்டேன், அப்பாயிகிட்ட சொல்லிடுங்க' என்று. அதை வாசித்துவிட்டு நான் குளியலறையில் நெடுநேரம் தண்ணீரைத் திறந்துவிட்டு நின்றேன்.

மன்னிப்பும் மைக்கில் வேண்டாம். நல்லதும் வேண்டாம். என் பெயர் அந்தக் குழாயில் இன்னொரு முறை வந்தால் நான் அந்தப் பக்கம் திரும்பவே மாட்டேன்.

போன கடிதத்தில் ஒரு பொய் எழுதிவிட்டேன். அந்த வரி உண்மை இல்லை என்று எழுதினேன். அப்பாயி, அன்றைக்கு அது உண்மைதான். லயம் முழுக்க என்னைப் பார்க்க வந்து போய்க்கொண்டிருந்தது, நீங்கள் ஒவ்வொருவருக்கும் என்னை எழுப்பிக் காட்டினீர்கள். இரண்டு நாளாக நான் தனியாக ஒரு நிமிடம்கூட இருக்கவில்லை. நீங்கள் இல்லாமல் இருந்தால் என்று நினைத்தேன், எழுதினேன். மறுநாள் காலையில் அது உண்மையாக இல்லை. நீங்கள் ரொட்டி சுட்டுத் தந்தீர்கள், சாப்பிட்டேன். இரண்டையும் எப்படிச் சேர்த்துச் சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை. சொல்லாமலே இருந்திருக்க வேண்டியது. கொப்பி என்றால் சொல்ல வேண்டியே வராத இடம் என்றுதான் எழுதினேன்.

மன்னித்துவிடுங்கள் என்று உங்களிடம் கேட்கப் பயமாக இருக்கிறது. கேட்டால் உடனே மன்னித்துவிட்டு அதையும் பீலியில் போய்ச் சொல்வீர்கள்.

எனக்காக ஏதாவது செய்ய வேண்டும் என்றிருந்தால், யாருக்கும் தெரியாததாக ஒன்று செய்யுங்கள்.

நிலக்ஷி


மேல்கணக்கு லயம், வட்டகொடை
10.08.2025

நிலக்ஷிக்கு,

உன் கடிதம் வந்து ஒரு மாதத்துக்கு மேல் ஆகிறது. பதில் எழுதாததற்குக் கோபம் காரணமில்லை. கோபம் இருந்தது, அதை அப்புறம் சொல்கிறேன்.

மைக் வேண்டாம் என்று செல்லசாமியிடம் அன்றைக்கே சொல்லிவிட்டேன். மனுசன் தலையை ஆட்டினார், மறந்துவிட்டார். ஆடி வெள்ளி பூஜை முடிந்து நான் குங்குமம் வாங்கிக்கொண்டிருக்கிறேன், குழாயில் சத்தம் வருகிறது, 'நாகலெட்சுமி பாட்டி மேடைப் பக்கம் வரவும்' என்று. எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். லோஜன் மைக்கை நீட்டிக்கொண்டு நிற்கிறான். பொய் சொல்ல மாட்டேன், எனக்கு ஆசையாக இருந்தது. என் பேர் அப்படிக் குழாயில் வந்து நான் கேட்டதே இல்லை. உன்னைப் பற்றி நாலு நல்லது சொல்லி, அந்த அழகம்மா வாயை அடைத்துவிடலாம். நாக்கு நுனிவரைக்கும் வந்துவிட்டது.

'தொண்டை கட்டியிருக்குப்பா, அடுத்தாளைக் கூப்பிடு' என்று சொல்லிவிட்டு, செருப்பை மாட்டிக்கொண்டு வந்துவிட்டேன்.

வந்துவிட்டேனே தவிர நெஞ்சு நிறைந்துபோய் இருந்தது. முன்னேயென்றால் இந்நேரம் பத்துப் பேரிடம் சொல்லித் தீர்த்திருப்பேன். நீ கேட்டுக்கொண்டதற்காக ஒருத்தரிடமும் சொல்லவில்லை. உன் அம்மாவிடமும் இல்லை. நீ கூடையை இறக்குவது என்று எழுதியிருந்தாயே, அது ஞாபகம் வந்தது. திலக்ஷனுடைய பழைய கொப்பி ஒன்றில் பின்பக்கம் வெறுமையாக இருந்தது. அதில் எழுதினேன்.

உன்னைப் பற்றித்தான் எழுதினேன். நல்லதாக எழுதவில்லை. என்ன எழுதினேன் என்று கேட்காதே. எழுத எழுதக் கை வேகமாக ஓடியது, எனக்கு அவ்வளவு வேகம் வரும் என்று எனக்கே தெரியாது. மறுநாள் தேங்காய் துருவும்போது பார்க்கிறேன், அந்தக் கோபத்தைக் காணோம். தேடிப் பார்த்தேன், இல்லை. உனக்குப் பிடிக்கிற கோழிக்குழம்பு வைத்தால் எப்படி அனுப்புவது என்று யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

அப்போதுதான் பார்த்தேன். உன் அம்மா வாசல்பக்கத்து இஸ்தோப்பைக் கூட்டிக்கொண்டிருந்தவள், அந்தக் கொப்பியை எடுத்து, திலக்ஷனுக்குக் கணக்குப் போடத் தாள் இருக்குமா என்று புரட்டப் போகிறாள். நான் துருவுபலகையை உதைத்துக்கொண்டு எழும்பி, 'கையை எடுடி' என்று கத்தினேன். இருபது வருசத்துக்கு மேல் ஒரே அடுப்பில் சமைக்கிறோம், அவளை நான் அப்படி ஒரு நாளும் கத்தியதில்லை. 'அதுல அப்படி என்னங்க அத்தை இருக்கு?' என்று பயந்துபோய்க் கேட்டாள். ஒன்றுமில்லை என்றேன். அன்றைக்கு முழுக்க அந்தக் கொப்பியை இடுப்பில் செருகிக்கொண்டே வேலை பார்த்தேன். அவள் ஒரு எழுத்துகூட வாசிக்கவில்லை. அதற்கே அப்படி.

நான் உன் தலையணைக்கடியில் கை விட்டபோது நீ அங்கே இல்லை. இருந்திருந்தாலும் நீ கத்தியிருக்க மாட்டாய். பார்த்துக்கொண்டு நின்றிருப்பாய். அதை நினைத்தால்தான் எனக்குத் தாங்கவில்லை, தங்கம். குழாயில் வாசித்ததுகூட லோஜன் செய்தது என்று கொஞ்சம் சொல்லிக்கொள்ளலாம். கிழித்தது நான். தாள் கிழிகிற சத்தம் இப்போதும் காதில் இருக்கிறது.

கொப்பியை அடுப்பில் போட்டுவிடலாம் என்று கொண்டுபோனேன். மனசு வரவில்லை. நான் எழுதியது அது ஒன்றுதானே. உனக்கும் எனக்கும் கணக்கு நேராக வேண்டும் என்றால் சொல்லு, அதை அனுப்பி வைக்கிறேன். உன் அறைப் பிள்ளைகளிடம் கொடுத்துச் சத்தமாக வாசிக்கச் சொல்லு. நான் ஏன் என்று கேட்க மாட்டேன்.

அப்பாயி


மட்டக்களப்பு
26.08.2025

அன்புள்ள அப்பாயிக்கு,

அனுப்ப வேண்டாம். யாரிடமும் காட்ட வேண்டாம், எனக்கும் காட்ட வேண்டாம். அரிசிப் பானையிலோ எங்கேயோ நீங்களே வைத்துக்கொள்ளுங்கள். எங்கே வைத்தீர்கள் என்றும் எழுதாதீர்கள்.

உண்மையைச் சொன்னால் உங்கள் கடிதம் வந்த பிறகு எனக்கு அதே நினைப்பாக இருந்தது, அப்பாயி என்னைப் பற்றி என்ன எழுதியிருப்பார்? நன்றி கெட்டவள் என்றா? வளர்த்த என்னைச் சாகச் சொன்னவள் என்றா? இவள் பிறக்காமலே இருந்திருக்கலாம் என்றா? விரிவுரையில் உட்கார்ந்துகொண்டு ஒவ்வொன்றாக நினைத்துப் பார்த்தேன். ஒவ்வொன்றுக்கும் வலித்தது. நான் இங்கே ஊகித்துக்கொண்டு வலிக்கிறது என்கிறேன். நீங்கள் அந்த வரியை நேராகவே கேட்டீர்கள், அத்தனை பேருக்கு நடுவில், எழுந்து போகவும் முடியாமல். ஆட்கள் என்னைப் பார்ப்பார்களே என்றுதான் அன்றைக்கு நான் ஓடினேன். உங்கள் பக்கம் ஒரு முறைகூடத் திரும்பவில்லை. பஸ் ஏறும்போது நீங்கள் வாசலில் நின்றது தெரியும். தெரியாத மாதிரி ஏறிவிட்டேன். அதை எந்தக் கொப்பியிலும் நான் எழுதவில்லை. எழுதாமலே தள்ளிக்கொண்டு வந்தேன்.

அதை எழுதலாம் என்று கொப்பியைத் திறந்தேன். லோஜன் அண்ணன் குரல் வந்தது. வாசிக்கட்டும் என்று விட்டுவிட்டேன். நான்கைந்து வரி இழுத்து இழுத்து வாசித்தார். பிறகு அறையில் யாரோ ஃபேன் போட்டார்கள், அந்தச் சத்தத்தில் அமுங்கிப்போனது போல அவர் குரல் நின்றுவிட்டது. நான் தொடர்ந்து எழுதினேன். எத்தனை பக்கம் என்று பார்க்கவில்லை. பிறகு தூங்கினேன், பகலில், மூன்று பேரும் பேசிக்கொண்டிருக்கும்போதே.

மறுநாளும் வந்தது அந்தக் குரல். இன்றும் வந்தது. முழுக்கப் போகாது என்று நினைக்கிறேன். இருந்தாலும் எழுத முடிகிறது.

நூலகத்தில் ஓர் ஓரம் கண்டுபிடித்திருக்கிறேன். விரிவுரைகளுக்குப் போகிறேன். படிப்பை விடவில்லை. தீபாவளிக்கு வருவேனா என்று தெரியாது, கேட்க வேண்டாம். வந்தால் ஆட்களைக் கூப்பிட வேண்டாம்.

அம்மாவிடம் கத்தியதற்கு ஏதாவது சொல்லிச் சமாளித்துவிடுங்கள்.

நிலக்ஷி


மேல்கணக்கு லயம், வட்டகொடை
07.09.2025

என் நிலக்ஷிக்கு,

கிடைத்தது. வாசித்தேன், இந்தத் தடவை வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டு.

அழகம்மா வழியில் மறித்து, பேத்தி என்ன எழுதியிருக்கிறாள் என்று கேட்டாள். நல்லா இருக்காளாம் என்று மட்டும் சொன்னேன். 'அவ்வளவுதானா?' என்று என் முகத்தையே பார்த்தாள். அவ்வளவுதான் என்றேன். உனக்குத் தெரியாது, அதற்கு மேல் பேசாமல் வீடுவரைக்கும் நடந்து வருவது எனக்கு என்ன பாடு என்று.

வாசலில் நின்றதை நீ பார்த்தாய் என்று எழுதியிருக்கிறாய். நீ பார்க்கவில்லை என்றே நினைத்து இருந்துவிட்டேன், அதுதான் சுலபமாக இருந்தது. பரவாயில்லை. நான் கிழித்ததும் இருக்கிறது, நீ திரும்பாததும் இருக்கிறது. பேசித் தீர்க்கப் போனால் நான் இன்னும் எதையாவது கெடுத்துவைப்பேன். அந்த வரி இன்னும் எனக்கு வலிக்கத்தான் செய்கிறது. அதற்காக அதைப் பொய் என்று மறுபடி எழுதாதே. ஒரு தடவை உண்மையைச் சொல்லிவிட்டாய், அதோடு இருக்கட்டும்.

கிருஷாந்தியிடம் நான் வைத்தியச் செலவைக் குறித்துவைத்த கொப்பி என்று சொல்லிவிட்டேன். நம்பவில்லை. ஆனால் அதற்குப் பிறகு அவள் அந்தப் பக்கம் கூட்டும்போது, 'அத்தை, உங்க சாமானை எடுத்துக்கங்க' என்று ஒரு குரல் கொடுத்துவிட்டுத்தான் கூட்டுகிறாள்.

தீபாவளியைப் பற்றிக் கேட்கவில்லை. வேறு ஒன்று கேட்கிறேன், முடியாது என்றால் முடியாது என்று எழுது. உன் முகம் எனக்குக் கடைசியாக அந்த பஸ் ஜன்னலில் பாதியாகத்தான் இருக்கிறது. புதுப் போட்டோ ஒன்று எடுத்துத் தபாலில் போடு. போனில் போடாதே. போனில் வந்தால் திலக்ஷன் பார்ப்பான், அவன் பார்த்தால் லிந்துலைவரைக்கும் போய்விடும். தாளில் வேண்டும். சிரிக்க வேண்டும் என்றில்லை, நேரே பார்க்க வேண்டும் என்றுமில்லை. அந்த நூலக ஓரத்தில் குனிந்து உட்கார்ந்திருக்கிற மாதிரி இருந்தாலும் போதும். சுவரில் மாட்ட மாட்டேன். சேலைக்கு நடுவில் வைத்துக்கொள்கிறேன்.

யாருக்காவது காட்டலாமா கூடாதா என்று போட்டோவுக்குப் பின்பக்கம் எழுதிவிடு. எழுதாமல் விட்டால் கூடாது என்றே எடுத்துக்கொள்கிறேன். ஆனால் மறக்காமல் போடு.

அப்பாயி